வெங்காயத் தோல்

புவன விஸ்தாவில் ஆறாம் மாடி.
சன்னல் இல்லாத அறை.
காலை ஏழுக்குப் பகலைப் போடுகிறோம்,
மாலை ஏழுக்கு அணைக்கிறோம்.
இருபத்து நான்கு கூண்டுகளில்
இருபத்து நான்கு சூலிகள்.
இருபத்தைந்தாவது நான்.
நீல அங்கியின் நடுப் பொத்தான்
இந்த வாரம் எட்டவில்லை.

பாதிப் பேருக்குக் கொழுப்புத் தீனியோடு
வெங்காயத் தோலிலிருந்து பிரித்த மஞ்சள் தூள்.
மீதிப் பேருக்குக் கொழுப்பு மட்டும்.
யாருக்கு எது என்று எனக்குத் தெரியக்கூடாது.
இரண்டும் ஒரே நிறமாயிருக்கச்
சாயம் கலந்து வருகிறது.
சங்கேத எண்கள்
ஸியூ லிங்கின் இழுப்பறையில், பூட்டுக்குள்.

ஆண் எலிகளை மறுநாளே எடுத்துவிட்டோம்.
அவை என்ன தின்றன என்று
எந்த ஏட்டிலும் ஒரு வரி இல்லை.

பதினான்காம் கூண்டுக்காரியை எனக்குப் பிடிக்கும்.
அவளைப்போல் யாரும்
காகிதத்தை அவ்வளவு மெல்லிசாய்க் கிழித்து
மெத்தை போடுவதில்லை.
ஒன்பது குட்டிகள்,
ஒவ்வொன்றும் பத்துக் காசைவிட இலேசு.
வளர்ந்தபின் வால் நுனியில் ஒரு துளி எடுத்தேன்.
நல்ல எண்கள். ஒன்பதும் நல்ல எண்கள்.
இவள் தூள் தின்றவள்தான் என்று
மனசுக்குள் நானே பூட்டைத் திறந்துகொண்டேன்.

இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை
கேகே மருத்துவமனையில்
ஆரஞ்சு நிற இனிப்புத் தண்ணீரை
ஐந்து நிமிடத்தில் குடிக்கச் சொன்னார்கள்.
மூன்று முறை ஊசி.
இரண்டு மணி நேரம் கழித்து: ஒன்பது புள்ளி ஒன்று.
தாதி நூர் ஹஃபிஸா
விரல் குத்தும் கருவியைக் கையில் வைத்தாள்.
எங்கள் எலிகளுக்கும் அதே கம்பெனி.

அன்று மாலை தேக்காவில் கேட்டேன்:
“தோல் மட்டும் கிடைக்குமா?”
கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.
“தோலுக்குக் காசு வேணாம். வெங்காயம் வாங்குங்க.”
கொதிக்கவைத்தேன். தேநீர்போல் சிவந்தது.
என் எடைக்குக் கணக்குப் போட்டேன்,
பாதியில் நிறுத்தினேன்,
தொட்டியில் ஊற்றினேன்.
துவாஸ் இரவு வேலைக்குக் கிளம்பிய மதிவதனன்
“வீடெல்லாம் என்ன வாடை?” என்றான்.

அம்மாவை அழைத்தேன்.
நான் வயிற்றில் இருந்தபோது என்னம்மா சாப்பிட்டாய்?
“அங் மோ கியோ பேக்டரி, ராத்திரி ஷிப்ட்.
மேகி மீ. மைலோ. காயா ரொட்டி.
எதுக்குக் கேக்குறே?”
சொன்னேன்.
பின்னால் அவள் புளோக்கின் லிப்ட்
திறந்து மூடும் சத்தம்.
“அப்போ உன் சக்கரை என்னால வந்ததா?”

இல்லம்மா என்றேன்.
எங்கள் ஆய்வின் தலைப்பில்
முதல் சொல்லே ‘தாய்வழி’.

வெள்ளிக்கிழமை இழுப்பறை திறந்தது.
தூள் தின்றவர்களின் ஆண் குட்டிகளுக்குச்
சர்க்கரை கொஞ்சம் குறைவு.
பெண் குட்டிகளுக்கு ஒன்றுமில்லை.
பதினான்கு?
ஸியூ லிங் விரலை ஓட்டிப் பார்த்தாள்.
“கொழுப்பு மட்டும்.”
வரைபடத்தில் அவள் பிள்ளைகள்
கோட்டுக்கு வெகு தூரத்தில்
ஒன்பது புள்ளிகள்.
ஏன் என்று கேட்டேன்.
“சில நேரம் அப்படித்தான்” என்று
காப்பி வாங்கப் போனாள்.

எந்தத் தீனி, எந்தக் கூண்டு.
என் வயிற்றுக்குள் திரும்பிப் படுப்பவளுக்கு
எந்த எண் எழுதியிருக்கிறதோ.
அவள் என்றைக்காவது என்னை அழைத்து
என்னம்மா சாப்பிட்டாய் என்றால்
இந்த ஏட்டைக் காட்டுவேனா?

அதிகாலை மூன்று பத்துக்கு
அம்மாவிடமிருந்து ஒரு செய்தி.
தூங்கவேயில்லை போல.

“ஞாபகம் வந்துச்சு. எழுதிக்கோ.
கொய்யாப்பழம், பாதி. ரோஸ்மினா குடுத்தா.
கங்கோங் கீரை, ரெண்டு மூணு தடவை.
சம்பளத்தன்னைக்கு மாதுளை.
வெங்காயம் கேட்டியே,
வெங்காயம் இல்லாம ஏதுடி குழம்பு?”